காய்ச்சல் ஊசி வேண்டாம் என்னும் அப்பாவிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: நான் தாம்பரத்தில் வசிக்கிறேன். அப்பா, அம்மா கோவில்பட்டி பக்கத்தில் சொந்த ஊரில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு 73 வயது. கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். 15 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. 2022-ல் இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தோம். அம்மாவுக்கு 68, மழைக்காலம் வந்தால் இழுப்பு வரும். போன ஐப்பசியில் இருவருக்கும் ஃப்ளூ காய்ச்சல். அப்பா 9 நாள் மருத்துவமனையில் இருந்தார். வீட்டுக்கு வந்தும் பழையபடி நடமாட இரண்டு மாதம் ஆயிற்று. இந்த வருடம் மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிடலாம் என்றால் ஒத்துக்கொள்ள மறுக்கிறார். “காய்ச்சலுக்கெல்லாம் யாராவது ஊசி போடுவாங்களா? கபசுரக் குடிநீர் போதும்” என்கிறார். நான் விடாமல் கேட்டதும், “எனக்கு வயசாயிடுச்சுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?” என்று கோபப்பட்டுவிட்டார். கொரோனா ஊசி போட்டதால்தான் அப்பாவுக்கு அடைப்பு வந்தது என்கிறான் தம்பி. முட்டையில் செய்த ஊசியாமே என்று அம்மாவுக்கு ஒரு சங்கடம், நாங்கள் சைவம். ஆனாலும், “அவர் போட்டுக்கிட்டா நானும் போட்டுக்கிறேன்” என்கிறார். இந்த ஊசி உண்மையிலேயே தேவைதானா? அப்பாவை வற்புறுத்தலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

தேவைதான். அப்பா, அம்மா இருவருக்குமே தேவை. சர்க்கரையும் இதய நோயும் சேர்ந்து இருப்பவர்களுக்கும், இழுப்பு உள்ளவர்களுக்கும் நான் வருடா வருடம் எழுதிக் கொடுக்கும் ஊசி இது. அதில் எனக்குத் தயக்கமே கிடையாது. வற்புறுத்தலாமா என்ற இரண்டாவது கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

அப்பா கோபத்தில் சொன்ன அந்த வாக்கியத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். “எனக்கு வயசாயிடுச்சுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?” இதில் ஊசியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. போன ஐப்பசிவரை வீட்டுக் கணக்கு வழக்கெல்லாம் பார்த்துக்கொண்டு, கடைத்தெருவுக்குத் தானே போய் வந்துகொண்டிருந்த மனிதர். 9 நாள் படுத்து எழுந்தபின் இரண்டு மாதம் அடுத்தவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். பிள்ளைகள் வந்து “ஊசி போட்டுக்கோங்கப்பா, உங்க வயசுக்கு நல்லது” என்று சொல்லும்போது அவர் காதில் விழுவது ‘உங்க வயசுக்கு’ என்பது மட்டும்தான். என்னிடம் வரும் பெரியவர்களில் பாதிப்பேர் ஊசி வேண்டாம் என்று சொல்வதற்குப் பின்னால் இதுதான் இருக்கிறது. மீதிப் பேருக்குச் செலவு. பிள்ளைகள் காசை இதற்கெல்லாம் கரைக்க வேண்டாமே என்று நினைப்பார்கள், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சிலருக்குத் தெரிந்தவர் ஒருவர் ஏதோ ஒரு ஊசிக்குப் பின் இறந்துபோன செய்தி மனதில் கிடக்கும். இந்த மூன்றில் உங்கள் அப்பாவுக்கு எது என்று தெரியாமல் எவ்வளவு விளக்கினாலும் அது அவரிடம் போய்ச் சேராது.

அதனால் வைரஸ், எதிர்ப்புச் சக்தி என்றெல்லாம் இப்போது ஆரம்பிக்காதீர்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவர் கையைப் பாருங்கள். அவர் வயதுக்காரர்கள் அநேகமாக எல்லோருக்கும் மேல்கையிலோ முன்கையிலோ நாணய அளவில் வட்டமான, சற்றே குழிந்த தழும்பு ஒன்று இருக்கும். சிலருக்கு இரண்டு. அம்மை குத்திய தழும்பு அது. ஊருக்கு அம்மை குத்த ஆள் வந்தால் பிள்ளைகள் எங்கே ஓடி ஒளிந்தார்கள், யார் பிடித்துக்கொண்டு வந்தது, புண் ஆறும்வரை வீட்டில் என்ன பக்குவம் பார்த்தார்கள் என்றெல்லாம் கேளுங்கள். நிச்சயம் சொல்வார். பெரியம்மையில் பார்வை போனவரை, முகமெல்லாம் தழும்பானவரை அவர் தலைமுறை நேரில் பார்த்திருக்கிறது. இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975-ல். 1977-ல் நாடு அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். உங்களுக்கும் எனக்கும் பாடப்புத்தகத்தில் படித்த செய்தி, அவருக்கு வாழ்ந்த காலம். தடுப்பூசி என்றால் என்ன என்று அவருக்கு நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவர் வாயாலேயே அதைச் சொல்லக் கேட்டாலே பேச்சின் போக்கு மாறிவிடும்.

அப்புறம் இன்னொன்று கேளுங்கள். போன வருடம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது எது ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று. காய்ச்சலைச் சொல்ல மாட்டார். கழிவறைக்குத் துணை தேவைப்பட்டதைச் சொல்வார், ஊருக்கு வந்தும் வாசற்படி இறங்க முடியாமல் போனதைச் சொல்வார். அங்கிருந்துதான் நீங்கள் பேச ஆரம்பிக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

முதியவர்களுக்கு ஃப்ளூவின் பெரிய சேதம் காய்ச்சல் இறங்கிய பிறகுதான் தெரியவரும். அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. நல்ல ஆரோக்கியத்துடன் இருந்த முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். எந்த நோயும் இல்லை, வேளாவேளைக்குச் சாப்பாடு உண்டு. அந்த 10 நாளில் கால்களில் மட்டும் சராசரியாக ஒரு கிலோ அளவுக்குத் தசை போய்விட்டது. காய்ச்சலும், சாப்பாடு இறங்காத வாயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உங்கள் அப்பா 9 நாள் படுத்ததற்கு இரண்டு மாதம் திணறியதன் காரணம் இதுதான். இளவயதில் போன தசை தானே திரும்பிவிடும். 73 வயதில் பயிற்சியும் சத்தான சாப்பாடும் கொடுத்து மெல்ல மெல்லத்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும். சிலருக்குப் பழைய நடை வருவதே இல்லை. ‘அந்தக் காய்ச்சலோட ஆள் ஒடுங்கிப்போயிட்டார்’ என்று ஊரில் சொல்வார்களே, அது இதைத்தான். ‘நீங்க யார் கையையும் பிடிக்காம நடக்கணும்பா, அதுக்காகத்தான் கேட்கிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் விரும்புவதும் அதைத்தானே.

அடுத்தது இதயம். தம்பியும் அதைத்தான் தொட்டிருக்கிறார், அதனால் விரிவாகவே சொல்கிறேன். ஃப்ளூ வரும்போது உடல் முழுக்க அழற்சி கிளம்புகிறது. ரத்தக்குழாயின் உட்சுவரில் ஏற்கனவே படிந்திருக்கும் கொழுப்புத் திட்டுகள் வெடிக்கவும், அதன்மேல் ரத்தம் உறையவும் அப்போது வாய்ப்பு கூடுகிறது. காய்ச்சலில் இதயம் வேகமாகத் துடிக்கிறது, நுரையீரல் சளியால் ஆக்சிஜன் குறைகிறது, உடலில் நீர்ச்சத்தும் வற்றுகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செய்து 2018-ல் வெளியான ஆய்வில், பரிசோதனையில் ஃப்ளூ உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஏறத்தாழ 6 மடங்கு இருந்தது. ஸ்டென்ட் வைத்தவரின் குடும்பம் தெரிந்து வைத்திருக்க வேண்டிய கணக்கு இது.

ஊசி போட்டால் இதயத்துக்கு என்ன நன்மை? அதையும் நேராகச் சோதித்திருக்கிறார்கள். வங்கதேசம் உட்பட 8 நாடுகளில், பெரும்பாலும் மாரடைப்பு வந்து மருத்துவமனையில் சேர்ந்த 2,500-க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதிக்கு ஃப்ளூ தடுப்பூசியும் மறுபாதிக்கு வெறும் உப்புநீர் ஊசியும் போட்டுப் பார்த்தார்கள். மாரடைப்புக்காகச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த அந்த நாட்களிலேயே போட்டது. ஒரு வருடத்தில் மரணம், மீண்டும் மாரடைப்பு, ஸ்டென்ட்டில் ரத்த உறைவு மூன்றையும் சேர்த்து எண்ணியபோது, உப்புநீர் ஊசி போட்டவர்களில் ஆயிரத்துக்கு 72 பேர், தடுப்பூசி போட்டவர்களில் 53 பேர். 2021-ல் வெளிவந்த இந்த முடிவுக்குப் பிறகு என் இதய நோயாளிகளிடம் இதை நான் வலிய எடுத்துச் சொல்கிறேன். ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் போல இதுவும் இதயத்துக்கான பாதுகாப்புதான். அப்பா தினமும் இதய மாத்திரை தவறாமல் போடுகிறவர் என்றால், வருடத்துக்கு ஒரு ஊசி அந்த வரிசையில் தானாகவே வந்து நிற்கும்.

தம்பியின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். அது தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இருக்கும் பயம். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார், 17-ஆம் தேதி மாரடைப்பில் மறைந்தார். மரம் நடச்சொல்லி ஊர் ஊராகப் போன, எல்லோருக்கும் பிடித்த மனிதர். அந்த வாரம் ஊசி போடும் இடங்களில் கூட்டம் குறைந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு அந்த மரணத்தை விசாரித்து, ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அதே ஆண்டு அக்டோபரில் சொன்னது. முதல் செய்தி போய்ச் சேர்ந்த வேகத்தில் இரண்டாவது செய்தி சேரவில்லை.

கோவிஷீல்டு வகை ஊசியால் அபூர்வமாகச் சிலருக்கு ரத்த உறைவு ஏற்பட்டது உண்மை. அதை மறைக்கக் கூடாது. ஆனால் அது ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்து, ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வருகிற தனி வகை உறைவு. இதயக் குழாயில் பல ஆண்டுகளாகப் படிந்த கொழுப்பால் வரும் அடைப்பு வேறு. 2022-க்குள் உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த அடைப்புக்கு அதுவே போதுமான காரணம். இளவயது திடீர் மரணங்களைப் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-ல் வெளியிட்ட ஆய்விலும், கொரோனா தடுப்பூசி அந்த ஆபத்தைக் கூட்டியதாகத் தெரியவில்லை. எப்படியிருந்தாலும் ஃப்ளூ ஊசி வேறு வகை. இறந்த வைரஸின் துண்டுகள் மட்டுமே அதில் உண்டு. இந்த முறையில் செய்த ஊசிகள் பல பத்தாண்டுகளாக உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கின்றன. இதைத் தம்பியிடம் தனியாகப் பேசுங்கள், அப்பா முன்னால் வேண்டாம். பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று பேசினால் பெரியவர்கள் சும்மா இருந்துவிடுவதுதான் வழக்கம்.

‘போட்டாலும் காய்ச்சல் வருதே’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஆமாம், வரும். பரவும் வைரஸும் ஊசியும் நன்றாகப் பொருந்திய வருடங்களில் எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் ஃப்ளூ வரும் வாய்ப்பு 40 முதல் 60 சதவீதம் குறைகிறது. வயதானவர்களுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே வேலை செய்யும், ஏனென்றால் அவர்களின் எதிர்ப்பு மண்டலமும் முதுமை அடைந்திருக்கிறது. ஆனால் ஊசி போட்டும் ஃப்ளூ வந்தவர்கள் மருத்துவமனைப் படுக்கை, தீவிர சிகிச்சைப் பிரிவு என்று போவது குறைகிறது. நான் எதிர்பார்ப்பதும் அந்த அளவைத்தான். தும்மலே வராது என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். கார்த்திகையில் சாதாரண சளி பிடித்தால்கூட உங்கள் வார்த்தை பொய்யாகிவிடும், அடுத்த வருடம் அவரை அசைக்கவே முடியாது. மழைக்காலத்தில் சளியும் இருமலும் தருகிற வைரஸ்கள் எத்தனையோ. இந்த ஊசி ஃப்ளூவுக்கு மட்டும்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஏன் வருடா வருடம் என்று நிச்சயம் கேட்பார். ஃப்ளூ வைரஸ் தன் மேல்தோற்றத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் கூடி, அடுத்த பருவத்து ஊசியில் எந்தெந்த வகைகளைச் சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. வாக்காளர் பட்டியலை ஒவ்வொரு தேர்தலுக்கும் முன் திருத்துகிற மாதிரி. கூட்டுறவு சங்கத்தில் பேரேடு எழுதியவருக்கு இது ஒரு நிமிடத்தில் புரியும். அதோடு, ஊசியால் கிடைக்கும் பாதுகாப்பும் ஆறு மாதம் போனால் தேய ஆரம்பித்துவிடும்.

கபசுரக் குடிநீரை அவர் குடிக்கட்டும் என்றால் குடிக்கட்டும். சூடாக எதையாவது குடித்தால் தொண்டைக்கு இதம், உடம்புக்கு நீரும் சேரும். ஆனால் இந்த வருடத்து வைரஸை அடையாளம் காண உடலைப் பழக்குவது ஊசி ஒன்றுதான். அந்த வேலையைக் கஷாயம் செய்யாது. சர்க்கரை மாத்திரையும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் எடுப்பவர் என்பதால், தினமும் குடிக்கிறார் என்றால் அதை அவருடைய டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கஷாயமா ஊசியா என்று ஒரு போட்டியை வீட்டில் உருவாக்காமல் இருப்பதுதான் முக்கியம். கஷாயத்தை விடச் சொன்னால் ஊசி தோற்றுவிடும்.

அம்மாவின் முட்டைக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். நம் ஊரில் கிடைக்கும் ஃப்ளூ ஊசிகள் பெரும்பாலும் கோழி முட்டையில் வைரஸை வளர்த்து, அதைக் கொன்று, பிரித்துச் சுத்திகரித்துச் செய்யப்படுபவைதான். கடைசியில் ஊசியில் முட்டைப் புரதம் இருந்தால் மிக மிக நுண்ணிய அளவில்தான் இருக்கும். முட்டை அலர்ஜி உள்ளவர்களுக்கே இப்போது தாராளமாகப் போடுகிறோம். ஆனால் அம்மா கேட்டது அலர்ஜியைப் பற்றி அல்ல, அவர் காலமெல்லாம் காத்துவந்த ஒழுக்கத்தைப் பற்றி. அதில் முடிவு அவருடையது. கேப்சூல் மருந்துகளின் உறை பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். மருந்து என்று வரும்போது அதை ஏற்றுக்கொண்ட சைவக் குடும்பங்கள் நம்மைச் சுற்றி ஏராளம். இதையும் சொல்லி, யோசிக்க நேரம் கொடுங்கள். தெரியாமல் போட்டுவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

இனி நடைமுறை. வடநாட்டில் பல இடங்களில் தென்மேற்குப் பருவமழையோடு ஃப்ளூ உச்சம் தொடும். நமக்குத் தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகை மழையோடுதான் கூடுகிறது. 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற ஃப்ளூ வகை பரவி அரசு மாநிலம் முழுக்கக் காய்ச்சல் முகாம்கள் நடத்தியது போல மற்ற மாதங்களிலும் வருவது உண்டு. ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும் என்பதால் புரட்டாசி முடிவதற்குள் போட்டுவிடுவது நல்ல கணக்கு. தவறிவிட்டால் ‘அடுத்த வருடம் பார்க்கலாம்’ என்று விடாதீர்கள், கார்த்திகையில் போட்டாலும் பயன் உண்டு. கிடைப்பது புதிய பருவத்து ஊசிதானா என்று கேட்டு, காலாவதித் தேதியைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள்.

விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஏறத்தாழ 2,000 ரூபாயை ஒட்டி இருக்கும். முதலில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். தனியார் என்றால், ஊசியை வைத்திருந்து அங்கேயே போடும் கிளினிக்காகப் பார்ப்பது நல்லது. 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டிய மருந்து அது. மெடிக்கலில் வாங்கிப் பையில் போட்டு, வெயிலில் பஸ் ஏறி டாக்டரிடம் கொண்டுபோனால் அந்த ஊசிக்கு உயிர் இருக்காது. பணத்தை அப்பாவே கொடுக்கட்டும், ஓய்வூதியத்திலிருந்து. நீங்கள் இங்கிருந்து போனில் அனுப்பி முடித்துவிடாதீர்கள். தன் உடம்புக்குத் தான் எடுத்த முடிவு என்று அவருக்கு இருக்க வேண்டும்.

போடும் அன்று காய்ச்சல் இருக்கக் கூடாது. லேசான சளி பரவாயில்லை. ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பார். அதை நிறுத்தாதீர்கள், நர்ஸிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மெல்லிய ஊசியால் போட்டு, அந்த இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். ஒன்றிரண்டு நாள் கை வலிக்கலாம், உடம்பு அசதியாக இருக்கலாம், லேசாகக் காய்ச்சல் அடிக்கலாம். இதே ஊசிக்கு முன்பு கடும் அலர்ஜி வந்தவர்களுக்கு இது கூடாது. முன்பு ஃப்ளூ ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் கை கால் செயலிழக்கும் கிலன்-பாரே நோய் வந்தவர்கள், டாக்டரிடம் பேசாமல் போடக் கூடாது. அந்த நோய் ஃப்ளூ ஊசியால் வருவது மிக அபூர்வம், பத்து லட்சம் பேருக்கு ஒருவர், இருவர் என்ற கணக்கு.

அதே நாளில் நிமோனியா தடுப்பூசி பற்றியும் கேட்டுவிடுங்கள். ஃப்ளூ நுரையீரலைப் புண்ணாக்கிவிட்டுப் போன இடத்தில்தான் நிமோகாக்கஸ் பாக்டீரியா வந்து உட்காரும். நெதர்லாந்தில் 65 வயது தாண்டிய 84,000-க்கும் அதிகமானவர்களிடம் செய்த ஆய்வில், ஊசியில் அடங்கிய பாக்டீரியா வகைகளால் வரும் நிமோனியா ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. இது வருடா வருடம் தேவையில்லை. எந்த வகை ஊசி, அதன்பின் ஒரு வருடம் கழித்து இன்னொன்று வேண்டுமா என்பதை அவருடைய டாக்டர் சொல்வார். விலை ஃப்ளூ ஊசியைவிட அதிகம். ஒரே நேரத்தில் இரண்டு செலவு கஷ்டம் என்றால் மழைக்கு முன் ஃப்ளூ, தை பிறந்ததும் நிமோனியா என்று வைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் அப்பாவிடம் யார் சொல்வது? மகள் சொன்னால் அக்கறை என்று எடுத்துக்கொள்வார். சர்க்கரை பார்க்கும் டாக்டர் சொன்னால் சிகிச்சை என்று எடுத்துக்கொள்வார். அடுத்த பரிசோதனைக்கு முன் அந்த டாக்டருக்கு ஒரு போன் செய்து, ‘நீங்களாகவே ஒரு வார்த்தை சொல்லுங்க சார்’ என்று கேளுங்கள். எங்களுக்கு நோயாளிகள் வரிசையில் நிற்கும்போது இது மறந்துபோகிறது, நினைவுபடுத்துவது உங்கள் உரிமை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண் உங்கள் தெருவுக்கு வருகிறார் என்றால் அவரிடமும் பேசுங்கள். அப்பாவின் சர்க்கரை அளவை மாதாமாதம் பார்க்கிறவர் சொல்வதற்கு ஒரு மதிப்பு உண்டு.

இவ்வளவுக்கும் பிறகு அவர் வேண்டாம் என்றால்? வற்புறுத்தாதீர்கள். பயமுறுத்தாதீர்கள், பேரப்பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்றெல்லாம் சொல்லாதீர்கள். தெளிவான மனநிலையில் இருக்கும் பெரியவரின் உடம்பு அவருடையது. கட்டாயத்தில் ஒரு வருடம் போடவைத்துவிடலாம், அதற்கடுத்த வருடங்கள் கைவிட்டுப் போகும். அதற்குப் பதில் அவரைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள், உங்கள் கணவர், தம்பி, பிள்ளைகள். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது நோயைக் கொண்டுபோவது பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். யாருக்காவது இருமல் என்றால் அந்த முறை பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், போயே ஆக வேண்டும் என்றால் முகக்கவசம் போட்டுக்கொண்டு பழகுங்கள்.

அவர் ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் இதை மட்டும் வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வயதானவர்களுக்கு ஃப்ளூ வந்தால் காய்ச்சல் 100-ஐக்கூடத் தொடாமல் இருக்கலாம். திடீரென்று சோர்ந்து படுத்துக்கொள்வது, சாப்பாட்டை ஒதுக்குவது, சம்பந்தமில்லாமல் பேசுவது, நடக்கும்போது தடுமாறி விழுவது இவையே முதல் அறிகுறியாக இருக்கலாம். ஃப்ளூவுக்கான வைரஸ் எதிர்ப்பு மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது, அதில் இரண்டு நாள் போய்விட்டால் போனதுதான். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனாலோ உடனே மருத்துவமனை. சாப்பிடாமல் வழக்கமான சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு படுத்தால் இரவில் சர்க்கரை தாழ்ந்துவிடும் ஆபத்தும் உண்டு. காய்ச்சல் நாட்களில் மாத்திரை அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக அம்மா. “அவர் போட்டுக்கிட்டா நானும்” என்று சொல்லியிருக்கிறார். உங்கள் கடிதம் முழுக்க அப்பாவைச் சுற்றியே போகிறது. ஆனால் மழை வந்தால் இழுக்கும் நுரையீரலுக்கு ஃப்ளூ வந்தால் அது நேராக ஆக்சிஜன் வரை கொண்டுபோகும். முட்டை விஷயத்தில் அவர் மனம் சமாதானமானால், அப்பாவின் சம்மதத்துக்காக ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். இந்தப் புரட்டாசியில் நீங்களே வந்து அழைத்துப் போய் அவருக்குப் போட்டுவிடுங்கள். அப்பாவைத் துணைக்குக் கூப்பிடுங்கள், அவருக்கும் போடுவதாகச் சொல்லாமல், வெறும் துணைக்கு. அம்மா சட்டென்று போட்டுக்கொண்டு எழுந்து வருவதை அவர் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். அங்கேயே ‘எனக்கும் போட்டுடுங்க’ என்று சட்டைக் கையை மடித்தவர்கள் என் கிளினிக்கிலேயே உண்டு. மடிக்காமல் வீடு திரும்பினாலும் பரவாயில்லை, அம்மாவுக்குப் போட்டாயிற்றே.